செஸ் புரோகிராம் எழுத எந்த மொழி, எந்த கம்பைலர்? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

தருமபுரி, கணினி ஆசிரியர்:
எங்கள் பிள்ளைகள் பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ் படித்துவிட்டு பிளஸ் டூவில் பைத்தானுக்கு வருகிறார்கள். செஸ் புரோகிராம் எழுத ஆசைப்படுகிறவன் முதலில் கேட்பது, "சார், ரெண்டுல எது?" என்பதுதான். பைத்தானில் தொடங்கு என்பேன். காய் நகர்வுகளை எழுதித் திருத்த அதுதான் வசதி. எழுதியது சரியா என்று பார்க்க பெர்ஃப்ட் ஓட்டுவோம். தொடக்க நிலையிலிருந்து எத்தனை நகர்வு வரிசைகள் வரும் என்று எண்ணுவது. வெள்ளை, கறுப்பு நகர்வுகளைத் தனித்தனியாக எண்ணினால் முதலில் 20, அப்புறம் 400, 8,902, 1,97,281. ஐந்தாவதில் 48,65,609. இங்கேதான் பைத்தானுக்கு மூச்சு வாங்கும். எண் வரும்வரை பையன்கள் திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார்கள். நன்றாக எழுதிய சி பிளஸ் பிளஸ் இதை ஒரு நொடிக்குள் முடித்துவிடும். வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்த பிறகு, மாறு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஓசூர், மென்பொருள் வேலை:
நான் ஜாவாவில் எழுதினேன், வேகத்தில் குறை இல்லை. பலகையில் 64 கட்டம், ஜாவாவின் லாங் எண்ணில் 64 பிட். காய் நிற்கும் கட்டத்தின் பிட் 1, மற்றவை 0. ஒவ்வொரு காய் வகைக்கும் ஒரு எண் போதும். கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பலகையின் ஒரு மூலையான ஏ1-ஐ 0 என்று வைத்தால் எதிர் மூலையான ஹெச்8 63-வது பிட், அதாவது எண் பிளஸா மைனஸா என்று காட்டும் குறி பிட். அங்கே ஒரு யானை நின்றாலே எண் நெகட்டிவ் ஆகிவிடும். பிட்டுகளைச் சாதாரணமாக வலப்பக்கம் ஷிப்ட் செய்தால் (நகர்த்தினால்) மேலிருந்து ஒன்றுகள் நிரம்பி, இல்லாத காய்களெல்லாம் பலகையில் முளைக்கும். மூன்று அம்புக்குறி ஷிப்ட்தான் (>>>) போட வேண்டும், அது மேலே பூஜ்யங்களை நிரப்பும். சி, சி பிளஸ் பிளஸ், ரஸ்ட்டில் குறியில்லாத 64 பிட் எண்ணே இருப்பதால் இந்தத் தொல்லை கிடையாது.

பர்கூர், பொறியியல் மாணவன்:
சார், பெர்ஃப்ட் பற்றி ஒன்று சேர்க்கிறேன். தொடக்க நிலையிலிருந்து ஆறாவது நகர்வு வரை கேஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் சேர்ந்து நகர்வது) வரவே முடியாது, சிப்பாய் ராணியாவதும் கிடையாது. அதுவரை எண் பொருந்தினாலும் அந்த இரண்டும் சோதிக்கப்படவில்லை என்றே அர்த்தம். சோதனைக்கென்றே பலரும் பயன்படுத்தும் கிவிபீட் என்ற நிலையையும் ஓட்டிப் பாருங்கள்: 48, 2,039, 97,862 வர வேண்டும். கேஸ்லிங் முதலிலேயே வரும்; சிப்பாய் ராணியாவது நான்காவதில்தான், அங்கே 40,85,603.

கம்பைலர் (எழுதிய புரோகிராமை மெஷின் ஓட்டும் ஃபைலாக மாற்றுவது) என்றால், சி பிளஸ் பிளஸுக்கு ஜிசிசி, கிளாங் இரண்டும் நல்லவை. நான் இரண்டிலும் கம்பைல் செய்து, வேகமாக ஓடுவதை வைத்துக்கொள்வேன். வேகத்துக்கான ஓ3 (-O3) ஆப்ஷனோடு, இந்த மெஷினுக்கென்றே கம்பைல் செய்யச் சொல்லும் மார்ச் நேட்டிவ் (-march=native) ஆப்ஷனும் கொடுத்தால், பிட்டுகளை எண்ண பிராசஸரிலேயே இருக்கும் கட்டளையை கம்பைலர் பயன்படுத்தும். ஸ்டாக்ஃபிஷ் என்ற புகழ்பெற்ற செஸ் புரோகிராமை எழுதுபவர்கள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். ஒருமுறை ஓடவிட்டு, எந்தப் பகுதி அதிகம் ஓடுகிறது என்று பதிவு செய்து, அதை வைத்து மறுபடி கம்பைல் செய்கிறார்கள்.

நேட்டிவ் போட்ட ஃபைலை அப்படியே நண்பனுக்கு அனுப்பாதீர்கள். பழைய லேப்டாப்பில் அது 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று நின்றுவிடலாம். அந்த மெஷினுக்குத் தனியாக ஒரு பில்ட் போட்டுக் கொடுங்கள்.