செம்மறிக்குச் சினை ஊசி போடும்போது கிடா கூட இருக்கணுமா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

குடியாத்தம் பக்கத்திலிருந்து:
போன வருஷம் 12 சென்னைச் சிவப்புப் பெட்டைகளுக்கு ஸ்பாஞ்ச் (எல்லாம் ஒன்றாகப் பருவத்துக்கு வர பிறப்புறுப்புக்குள் வைக்கும் ஹார்மோன் பஞ்சு) வைத்தேன். 12 நாள் கழித்து உருவி, அன்றே பி.எம்.எஸ்.ஜி. என்ற கருமுட்டை வளர்க்கும் ஹார்மோன் ஊசி, இரண்டு நாள் தாண்டி விந்து செலுத்தும் சினை ஊசி. கிடா பக்கத்தில் இல்லை. சினை நின்றது 3தான். பசு என்றால் பருவத்தில் கத்தும், ஒழுக்கு தெரியும். செம்மறி வாயே திறக்காது. கிடா வந்து மோந்தால்தான் வாலை ஆட்டும்.

இந்த முறை ஸ்பாஞ்சை உருவியதுமே கிடாவை உள்ளே விட்டேன். ஏறினாலும் வேலை நடக்காதபடி வயிற்றுக்கடியில் சாக்குத் துணி கட்டியிருந்தேன். மறுநாள் சாயங்காலமே மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக மோந்தது. நாலு பெட்டைகள் அதன் பின்னாலேயே சுற்றின. கிடா வாடை பட்டால் கருமுட்டையை வெளியே விட வைக்கும் எல்.எச். ஹார்மோன் சீக்கிரம் ஏறுமாம், முட்டை விடும் நேரம் ஆட்டுக்கு ஆடு அதிகம் விலகாதாம், டாக்டர் சொன்னார். எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் சினை ஊசி போடுகிறோமே, அதற்கு இது முக்கியம். சினை 7. எல்லாம் கிடாவால்தான் என்று சொல்ல மாட்டேன், இந்த வருஷம் தீவனமும் நன்றாக இருந்தது.

ஒடுகத்தூரிலிருந்து:
தம்பி, கிடா எப்போதும் மந்தையோடேயே திரிந்தால் இது பலிக்காது. பெட்டைக்கு அந்த வாடை பழகிவிடும். நான் கோடையில் ஒரு மாதம் வாடையும் சத்தமும் எட்டாத இடத்தில் கட்டி வைத்து, அப்புறம் விட்டேன். ஸ்பாஞ்ச், ஊசி எதுவும் இல்லை. இரண்டு வாரம் ஒன்றுமே நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்கு ஓட்டிவிடலாம் என்றே நினைத்தேன். முதல் முட்டை இரண்டு மூன்று நாளிலேயே விட்டுவிடுமாம், ஆனால் பருவ அறிகுறி வெளியே தெரியாதாம். 18ஆம் நாள் சில, 24, 25இல் மீதி என்று பருவத்துக்கு வந்தன. பழகாத கிடா கிடைத்தால் இன்னும் நல்லது.

அணைக்கட்டிலிருந்து:
பழகாத கிடா வேண்டும் என்று பக்கத்துக் கொல்லைக் கறுப்புக் கிடாவை இரவல் வாங்கி வந்தேன். மேச்சேரிக் கிடாவின் விந்து போட ஏற்பாடு. ராத்திரி சாக்குத் துணி அவிழ்ந்தது யாருக்கும் தெரியவில்லை. ஐந்து மாதம் கழித்துப் பிறந்ததில் இரண்டு குட்டி கன்னங்கரேல். பக்கத்துக் கொல்லைக்காரர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். இப்போது முடிச்சை நானே போடுகிறேன், காலை மாலை இழுத்தும் பார்க்கிறேன்.