வெள்ளவத்தையில் வீட்டிலிருந்து எல்சாட் எழுதியவர்கள் இருக்கிறீங்களா?

அக்காமார் அண்ணாமாருக்கு வணக்கம். தங்கச்சி கனடாவில் சட்டம் படிக்க விண்ணப்பிக்கிறாள். அதுக்கான நுழைவுச் சோதனையான எல்சாட்டை (LSAT) வீட்டிலிருந்தே கணினியில் எழுதத்தான் பதிந்திருக்கு. பாடத்தைப் பற்றிப் பயமில்லை, அதை அவள் பார்த்துக்கொள்வாள். என்ர கவலை எல்லாம் வீடுதான்.

35 நிமிஷப்படி நாலு பகுதி, இரண்டாவது முடிய 10 நிமிஷ இடைவேளை. அவ்வளவு நேரமும் கமராவும் மைக்கும் திறந்தே இருக்கும், அறைக்குள்ள வேற ஒருத்தரும் வரக்கூடாது. எங்கட பிளாட் காலி வீதியைப் பார்த்தபடி. யன்னலைச் சாத்தினாலும் பஸ் ஹோர்ன் உள்ள வரும், மேல்வீட்டில் எந்த நேரமும் தேங்காய் உடைக்கிற சத்தம். அம்மம்மாவுக்குக் கதவைத் தட்டாமல் திறக்கிறதுதான் பழக்கம், அவவை அன்றைக்குச் சித்தி வீட்டுக்கு அனுப்பிறதாக முடிவு. காதில் ஹெட்போன் போட விடமாட்டார்கள், பஞ்சு அடைப்பான் மட்டும் சரியாம்.

வெளியிலிருந்து வரும் இப்படியான சத்தத்துக்குக் கமரா வழியாகப் பார்க்கிற கண்காணிப்பாளர் சோதனையை நிறுத்துவாரா? கரண்ட் போனால் லப்டொப் தாங்கும், ரவுட்டர் தாங்காது. அதுக்கு ஒரு சின்ன யூபிஎஸ் போதுமா, இல்லாட்டி போன் டேட்டாவுக்கு மாறினால் விட்ட இடத்திலிருந்து தொடர விடுவார்களா? சாமிப்படம், கலண்டர் எல்லாம் சுவரிலிருந்து கழற்றச் சொன்னார்களா?

கொழும்பு 4, 6 பக்கம் ஜெனரேட்டரோட, கதவைப் பூட்டக்கூடிய அமைதியான அறை ஒரு நாளைக்கு வாடகைக்குக் கிடைத்தால் இன்னும் நல்லம். தெரிந்தவர்கள் இன்பொக்ஸ் பண்ணுங்கோ. எழுதி முடித்தவர்கள் கீழேயே சொல்லுங்கோ, மற்றப் பிள்ளைகளுக்கும் உதவும்.