விஏஆர்: ஆஃப்சைடுக்குக் கோடு போடுவது எந்த அளவுக்குச் சரி?

எல்லைக்கொடி:
கால்பந்தில் ஆஃப்சைடு (பாஸ் கொடுக்கும் கணத்தில் தாக்கும் வீரர் எதிரணியின் கடைசி டிஃபெண்டரைத் தாண்டி நிற்பது) விஷயத்திலாவது விஏஆர், அதாவது வீடியோ பார்த்து முடிவைச் சரிபார்க்கும் நடுவர் முறை, போக வேண்டும். சாதாரண ஒளிபரப்புக் கேமரா நொடிக்கு 50 ஃபிரேம் எடுக்கும். இரண்டு ஃபிரேமுக்கு நடுவே 0.02 நொடி. ஸ்ட்ரைக்கர் நொடிக்கு 8 மீட்டர் ஓட, டிஃபெண்டர் எதிர்த்திசையில் 4 மீட்டர் வேகத்தில் ஏறி வந்தால், அதற்குள் இருவருக்கும் நடுவே 24 செ.மீ. மாறிவிடும். பாஸ் கொடுத்தவரின் கால் பந்தில் பட்ட கணம் இரண்டு ஃபிரேமுக்கும் நடுவே விழுந்தால் எதை எடுப்பது? எதை எடுத்தாலும் 3 செ.மீ. வித்தியாசத்துக்காக ஒரு கோலை ரத்து செய்வது அநியாயம்.

ஒன்பதாம் எண்:
அது பழைய முறையின் கணக்கு நண்பரே. 2022 கத்தார் உலகக் கோப்பையில் பந்துக்குள் இருந்த சென்சார் நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. கூரைக்கடியில் 12 கேமராக்கள், ஒவ்வொரு வீரரின் உடலிலும் அவை கண்காணித்த 29 புள்ளிகள். உதைத்த கணம் 0.002 நொடிக்குள் அகப்பட்டுவிடும். எல்லைக்கோட்டில் கொடியோடு நிற்கும் துணை நடுவரோ உதைப்பவரையும் கடைசி டிஃபெண்டரையும் ஒரே சமயத்தில் பார்த்தாக வேண்டும், அது எந்தக் கண்ணாலும் ஆகாது.

எல்லைக்கொடி:
பந்துக்கு 500, சரி. அதே உலகக் கோப்பையில் உடல் புள்ளிகள் நொடிக்கு 50 முறைதான் பதிவாயின. அந்தப் பாதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நடுவட்டம்:
கோடு போடுவதை விடுங்கள், பெரிய ஓட்டை நடுவர்களின் பேச்சில் இருக்கிறது. 2023 செப்டம்பர் 30, டாட்டனம்–லிவர்பூல் ஆட்டம். லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் கோல் போட்டார், துணை நடுவர் கொடி தூக்கினார். படத்தில் ஆன்சைடு என்று சரியாகவே தெரிந்தது. ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்தாகிவிட்டது என்று நினைத்த விஏஆர் நடுவர், "செக் கம்ப்ளீட்" (சோதனை முடிந்தது) என்றார். மைதானத்து முடிவான ஆஃப்சைடே நின்று, கோல் போனது. ஆட்டம் மறுபடி தொடங்கியதும், இனி மாற்ற விதியில் இடமில்லை என்று ஆகிவிட்டது. "கம்ப்ளீட்" என்ற சொல்லையே தூக்கிவிட்டு, "கோல்" அல்லது "ஆஃப்சைடு" என்று முடிவைச் சொல்ல வைத்தாலே இந்தக் குழப்பம் வராது.

ஒன்பதாம் எண்:
விஏஆர் இல்லாவிட்டாலும் அந்தக் கோல் போயிருக்கும். கொடிதான் ஏற்கெனவே மேலே இருந்ததே!

நடுவட்டம்:
அது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விஏஆரே கொண்டுவந்த ஆபத்து ஒன்று உண்டு: தாமதக் கொடி, அதாவது ஆஃப்சைடு என்று தோன்றினாலும் கொடியை உடனே தூக்காமல் ஆட்டத்தைத் தொடர விடுவது. 2021 மார்ச்சில் உல்வ்ஸ்–லிவர்பூல். லிவர்பூலின் சலா ஆஃப்சைடில் ஓடுகிறார், கொடி எழவில்லை, ஆட்டம் தொடர்கிறது. உல்வ்ஸ் வீரர் கானர் கோடியின் முழங்கால் அதே அணியின் கோல்கீப்பர் ருய் பாட்ரிசியோவின் தலையில் இடித்து, அவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். கோலும் ஆஃப்சைடு என்றே ரத்தானது. உடனே கொடி எழுந்திருந்தால் அந்த மோதலே இல்லை.

ஒன்பதாம் எண்:
கோல் வாய்ப்பு தெளிவாக இருக்கும்போது, அதுவும் சந்தேகம் இருந்தால்தான் கொடியைத் தாமதிக்க வேண்டும். ஐயமில்லாத ஆஃப்சைடுக்கு உடனே தூக்கட்டும். பயிற்சியில் சரிசெய்யக்கூடியது இது.

எல்லைக்கொடி:
எப்படிச் சரியாகும்? தாமதித்தால் துணை நடுவரை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அவசரப்பட்டுத் தூக்கி அது தப்பாகிப்போனால், விஏஆராலும் மீட்க முடியாத கோல் வாய்ப்பை அழித்த பழி அவர் தலையில். எந்தத் துணை நடுவரும் கையைக் கீழேதான் வைத்திருப்பார்.