சொல் வேண்டும்: காரின் 'ஹெட் யூனிட்'

குழுவினருக்கு வணக்கம்.

வாகன மின்பணி மாணவர்களுக்கான பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பழைய கார் ஸ்டீரியோவைக் கழற்றி விற்பது பற்றி அதில் ஒரு பாடம் உண்டு. டாஷ்போர்டில் இருக்கும் ஹெட் யூனிட்டுக்கு, அதாவது பாட்டையும் ரேடியோவையும் இயக்கும் கருவிக்கு, 'தலையலகு' என்று எழுதியிருந்தேன். வகுப்பில் வாசித்தபோது ஒரு பையன், "பறவை மூக்கா சார்?" என்றான். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டான். நல்ல சொல் தாருங்கள்.

—

ஐயா,

பையன் கேட்டது நியாயம். பறவைக்கும் அலகு, வேலுக்கும் அலகு, அளவைக்கும் அலகு. இன்னொரு சுமை வேண்டாம். 'தலை' மட்டும் இருக்கட்டும். அது கழுத்துக்கு மேலுள்ளதன்று, முதலில் நிற்பது. கால்வாய் நீர் முதலில் பாயும் இடம் தலைமடை, கடைசியில் பாய்வது கடைமடை. பாட்டும் இந்தக் கருவியில் புறப்பட்டுக் கடைமடையான ஸ்பீக்கருக்குப் போகிறது. ஆகவே அது ஒலியின் தலைமடை, சுருக்கமாக 'ஒலிமடை'.

ஸ்டீரியோவையும் 'இரட்டையொலி' ஆக்கிவிடாதீர்கள். கிரேக்கத்தில் அதற்குத் திண்மை என்று பொருள். திண்மையில் ஈறு போய், தனிக்குறில் முன் ஒற்று இரட்டித்து, 'திண்ணொலி'. எவ்வளவு அழகாகப் புணர்கிறது பாருங்கள்!

—

ஐயா, மடை என்றதும் எனக்கு மடைப்பள்ளிதான் நினைவுக்கு வருகிறது.

20 ஆண்டாக இவற்றைப் பூட்டிக் கழற்றுகிறேன். பட்டறையில் இதன் பெயர் 'செட்'. வாங்க வருபவர் கேட்பது சிங்கிள் டின்னா, டபுள் டின்னா என்பதைத்தான். டின் ஜெர்மன் தர அமைப்பின் பெயர்ச்சுருக்கம். முகப்பு 180க்கு 50 மி.மீ. என்றால் சிங்கிள், உயரம் 100 என்றால் டபுள். மாணவர்கள் தகர டப்பா என்று நினைத்துக்கொள்வார்கள், முதலில் அதை விளக்குங்கள்.

இன்னொன்று. தனியாக வாங்கிப் பூட்டும் செட்களில் பெரும்பாலும் மஞ்சள் வயரில் எப்போதும் 12 வோல்ட் இருக்கும், சிவப்பில் சாவி திருப்பினால்தான் வரும். காரோடு வந்த சில செட்கள், அப்படி எப்போதும் இருக்கும் மின்சாரம் அறுந்தால் முடங்கிவிடும், மீண்டும் இணைத்ததும் ரகசிய எண் கேட்கும். எண் இல்லாமல் நானே ஒன்றை வாங்கி ஏமாந்தேன். பூட்டியதும் திரையில் நான்கு சிறு கோடுகள் மட்டும் தெரிந்தன. விற்பவர் அந்த எண்ணை எழுதித் தரவேண்டும் என்பது சொல்லைவிட முக்கியம்.

பழையதைக் 'கைமாற்றுச் செட்' என்றும் எழுதாதீர்கள். கைமாற்று என்றால் கடன்.

—

அம்மா, எண் பற்றிச் சொன்னது அவசியம் சேரவேண்டியது. ஆனால் 'செட்' எப்படித் தமிழாகும்? வல்லின மெய் சொல்லுக்கு ஈறாகாது. உகரம் சேர்த்துச் 'செட்டு' என்றால் அது சிக்கனம். கட்டுச்செட்டாகக் குடும்பம் நடத்துவது என்கிறோமே!

—

ஐயா, 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே' என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. காலத்தில் வழக்குக்கு வந்துவிட்ட சொல்லை விலக்க வேண்டியதில்லை. கட்டுச்செட்டையும் கார் செட்டையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

—

அனைவருக்கும் நன்றி. மூவர் செட்டுக்கு, ஒருவர் ஒலிமடைக்கு, மற்றவர்கள் பேசவில்லை. பாடத்தில் 'கார் செட்டு' என்றே போகிறேன். ரகசிய எண்ணுக்குத் தனிப் பத்தி சேர்த்துவிட்டேன். டின்னுக்கு அளவோடு படம் போடுகிறேன்.

—

ஐயா, அச்சுக்குப் போவதைத் தடுக்கவில்லை. அடுத்த பதிப்புக்குள் 'தலைமடை'யையாவது ஒருமுறை வகுப்பில் சொல்லிப் பாருங்கள். வயல் பார்த்த பிள்ளைக்கு உடனே விளங்கும். 'திண்ணொலி' பற்றி இன்னும் யாருமே பதில் சொல்லவில்லை.