வர்த்தகப் பிரிவு படிக்காமல் கணக்கு வேலைக்கு வந்த நம்மட ஊர் ஆட்கள், உங்கட கதையைச் சொல்லுங்க

கல்முனைக்காரி:

உயர்தரத்தில் நான் உயிரியல் பிரிவு. பல்கலைக்கழகம் போகத் தேவையான இசட் ஸ்கோர் காலை வாரிவிட்டது. வீட்டில் சும்மா இருக்க ஏலாமல் சம்மாந்துறையில் ஒரு அரிசி ஆலைக்குக் கணக்கு எழுதப் போனேன். அதுவரை காசேடு, பேரேடு எதையும் கண்ணால் கண்டதில்லை. ஹாஜியார் என் சான்றிதழ் ஃபைலைத் திறக்கவேயில்லை. சொப்பிங் பையில் கிடந்த பில்லுகளை மேசையில் கொட்டி, "இதில போன மாசம் லொறிக்கு மட்டும் எவ்வளவு போயிருக்கு எண்டு பாருங்க மகள்" என்றார். டீசல், டயர், டிரைவர் பேட்டா என்று பிரித்து அடுக்கிக் கூட்டிக் கொடுத்தேன். அடுத்த நாளே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

அங்கே நெடுநாளாக ஒரு தலையிடி. வாங்கிய நெல்லின் எடையும் களஞ்சியத்தில் நிறுத்துப் பார்க்கிற எடையும் ஒத்துவராது. புத்தகத்தில் 'குறைவு' என்று ஒரு வரி எழுதிக் கடந்துவிடுவார்கள். சந்தேகம் மட்டும் மூடை தூக்குகிற பொடியன்மார் மேலே. விஞ்ஞானம் படித்தவளுக்கு இது பெரிய புதிர் இல்லை. பெரும்போக அறுவடையில் மெஷினால் வெட்டிய நெல்லு ஈரத்தோடுதான் வரும். 20 சதவீத ஈரத்தில் 1,000 கிலோ வாங்கினால் தண்ணீரைக் கழித்து மிஞ்சுவது 800 கிலோ. அதை 14 சதவீதத்துக்குக் காயவிட்டால் மொத்த எடை 930 கிலோவுக்குத்தான் வரும். மிச்ச 70 கிலோவை வெயில் குடித்துவிட்டது, ஒருவரும் தூக்கிக்கொண்டு போகவில்லை! வாங்கும்போதே ஈரத்தை அளந்து பில்லில் எழுத வைத்தோம். இருப்புப் பதிவேட்டில் அதற்கென்று ஒரு நிரல் போட்டேன். மறுகா மிஞ்சுகிற குறைவை மட்டும் விசாரித்தால் போதும் என்றாகிவிட்டது. பொடியன்மார் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் அதோடு மாறியது (பழையதை இங்கே எழுத மாட்டேன்).

வர்த்தகம் படிக்காதது குறைதான், மறுக்கவில்லை. ஆனால் வேறு படிப்புப் படித்தவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை என்பது என் எண்ணம்.

ஓட்டமாவடி நானா:

நான் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் புவியியல் முடித்தவன். மட்டக்களப்பில் ஒரு தொண்டு நிறுவனத்தில் சில்லறைக் காசுப் பெட்டியைக் கையில் தந்தார்கள். 25,000 ரூபா பெட்டி. உள்ளே காசு 6,350 இருந்தால் வவுச்சர்கள் 18,650க்கு இருக்க வேண்டும், எந்த நேரம் திறந்து பார்த்தாலும். இந்த ஒழுங்கு பிடிபட்ட பிறகு மற்றதெல்லாம் தானாக வந்தது. வாகன ஓட்டப் பதிவைப் பார்க்கிற வேலையும் என்னிடம் வந்தது. வாகரைக்குப் போய் வந்ததாக எழுதிய கிலோமீற்றர் அந்தப் பாதையில் இல்லவே இல்லை. வரைபடம் படித்தவனிடம் இந்த விளையாட்டு எடுபடுமா?

அக்கரைப்பற்று அக்கா:

இரண்டு கதையும் நல்லாத்தான் இருக்கு. ஆனால் நெல்லு ஈரத்தையும் வாகரைப் பாதையையும் வைத்து எத்தனை வருசம் ஓட்டுவீங்க? நானும் கணிதப் பிரிவில் இருந்து வந்தவள்தான், இப்போது கணக்காய்வு நிறுவனமொன்றில் இருக்கிறேன். கணக்கியல் பரீட்சை எழுதாதவர் கடைசி மட்டும் 'கணக்கு எழுதுற பிள்ளை'தான், சம்பளமும் அந்தளவில்தான் நிற்கும். ஏ.ஏ.ரி. என்கிற கணக்கியல் படிப்புக்கு எந்தப் பிரிவு என்று கேட்பதில்லை, தமிழிலேயே எழுதலாம். சாக்குச் சொல்ல இடமில்லை.

சம்பளப் பட்டியலையும் சீக்கிரம் பழகுங்க. சம்பளம் 40,000 என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு அவரிடம் 8 சதவீதம், 3,200 பிடிக்க வேண்டும். முதலாளி 12 சதவீதம், 4,800 போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியின் 3 சதவீதம், 1,200, முழுக்க முதலாளி தலையில். அதை ஊழியரிடம் பிடிக்கிற கடைகளும் உண்டு, அது சட்டப் பிழை. ஓவர்டைம் காசை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பரீட்சை மீதி (பேரேட்டு மீதிகளை வரவு, செலவு என்று இரண்டு பக்கமும் போட்டுக் கூட்டிச் சரிபார்க்கிற பட்டியல்) ஒத்துவராமல் முழிக்கிறவர்களுக்கு ஒன்று: வித்தியாசத்தை 9ஆல் பிரித்துப் பாருங்க. மிச்சமில்லாமல் பிரிந்தால் அநேகமாக இலக்கம் இடம் மாறியிருக்கும். 6,300ஐ 3,600 என்று எழுதினால் வித்தியாசம் 2,700 வரும். அதில் அகப்படாவிட்டால் வித்தியாசத்தில் பாதித் தொகையைத் தேடுங்க, வரவில் போக வேண்டியது செலவுப் பக்கம் போயிருக்கலாம்.

காரைதீவுத் தம்பி:

அக்காமார், நான் கலைப்பிரிவு. முதலில் எதைப் பழகுறது?

கல்முனைக்காரி:

வங்கி இணக்கக்கூற்று, தம்பி. அக்கா சொன்ன பரீட்சைக்கும் பதிந்துகொள்ளுங்க, அதில் அவவோடு எனக்குச் சண்டையில்லை. தெரிந்த கடைக்காரர் யாரிடமாவது ஒரு மாதத்து வங்கிக் கூற்றையும் காசேட்டையும் கேட்டு வாங்கி, பென்சிலால் ஒவ்வொன்றாகச் சரி போட்டு வாங்க. கொடுத்தும் வங்கிக்குப் போகாத செக், திரும்பி வந்த செக், வங்கி தானாக வெட்டிய கட்டணம், நேரே கணக்குக்கு வந்த காசு எல்லாம் சரி விழாமல் நிற்கும். ஏன் நிற்குது எண்டு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுதுங்க. முடியாமல் போனால் இங்கே போடுங்க, கடை பேரையும் கணக்கு இலக்கத்தையும் மறைச்சுப் போட்டு.