பதர் வேண்டாம், நறுக்குத்தீவனம் இருக்கட்டும்: குதிரைத் தீவனச் சொற்கள்

அன்புள்ள குழுவினருக்கு,

> குதிரைத் தீவனக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். ‘சாஃப்’ என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அகராதியில் பதர், உமி என்று இருக்கிறது. ‘பதர்த்தீவனம்’ என்று போட்டுவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். இந்த இழையில் ஏற்கெனவே நான்கைந்து பேர் ‘பதர்த்தீவனம்’ என்பதற்குத் தலையசைத்துவிட்டதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்தில் இரண்டு குதிரைகள் இருக்கின்றன. இந்தச் சொல் தவறினால் தொட்டியில் என்ன விழும் என்று பார்த்தவன் நான்.

ஆங்கிலத்தில் சாஃப் என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். தானியத்தைத் தூற்றும்போது காற்றில் பறப்பது ஒன்று. உலர்ந்த புல்லையோ வைக்கோலையோ சிறுசிறு துண்டாக வெட்டிப் போடுவது இன்னொன்று. குதிரைக்காரர்கள் சொல்வது இந்த இரண்டாவதைத்தான். நம் ஊரில் மானியத்தில் கொடுக்கும் புல் நறுக்கும் மிஷினை ‘சாஃப் கட்டர்’ என்கிறோமே, அதிலிருந்து வந்து விழுவதுதான் இந்த சாஃப். அதை யாராவது பதர் என்பார்களா?

முதல் பொருளுக்கு நம்மிடம் சொற்பஞ்சமே இல்லை. மணி பிடிக்காத வெறும் கூடு பதர். பால் பிடிக்காமல் போனது சாவி. அரைகுறையாக முற்றியது கருக்காய். அரிசியின் மேல்தோல் உமி. பயறு, உளுந்தின் தோல் பொட்டு. ஆங்கிலக்காரர் ஒரே சொல்லில் மூட்டை கட்டியதை நாம் ஐந்தாகப் பிரித்து வைத்திருக்கிறோம். இத்தனை இருந்தும் இரண்டாவது பொருளுக்கு நிலைத்த பெயர் இல்லை. அதனால்தான் மொழிபெயர்ப்பவர்கள் கைக்குக் கிடைத்த உமியையும் பதரையும் எடுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

இது வெறும் அகராதிச் சண்டை இல்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு தீவனக் கடையில் தமிழ்த் துண்டறிக்கை ஒன்று கொடுத்தார்கள். ‘கொள்ளுடன் இரண்டு கை உமி கலந்து கொடுக்கவும், குதிரை நிதானமாக மென்று தின்னும்’ என்று அச்சடித்திருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் அதை நம்பி அரிசி ஆலையிலிருந்து நெல் உமி இரண்டு மூட்டை வாங்கி வந்துவிட்டார். விலையும் கொள்ளை மலிவு. நெல் உமியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பல்தான், அதிலும் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணல் எதனால் ஆனதோ அதே பொருள். குதிரைக்கு அதில் ஏறக்குறைய ஒன்றும் செரிக்காது. நல்லவேளை, குதிரை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. மூலத்தில் இருந்தது ‘சாஃப்’ என்று எனக்குப் பார்த்தவுடனே தெரிந்தது.

அந்த அறிவுரை சரியானதுதான், சொல்தான் தவறு. மாடு விழுங்கிவிட்டு அப்புறம் அசை போடும். குதிரைக்கு அந்த வசதி கிடையாது, மெல்லுவது ஒரே முறைதான். மெல்லும்போது மட்டும்தான் அதற்கு உமிழ்நீர் சுரக்கும். இரைப்பையில் அமிலமோ தின்றாலும் தின்னாவிட்டாலும் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும், அதைத் தணிப்பது அந்த உமிழ்நீர்தான். ஒரு கிலோ உலர்புல்லை முடிக்க மூவாயிரம் தடவைக்கு மேல் மெல்லும், அதே எடை ஓட்ஸ் தானியத்துக்கு ஆயிரம் தடவை போதும். கொள்ளை மட்டும் வைத்தால் ‘லபக் லபக்’ என்று அள்ளி விழுங்கிவிடும். வெட்டிய புல் இரண்டு கை கலந்தால் வேகம் குறையும், எச்சில் ஊறும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது என்பதால், அவசரமாக விழுங்கித் தொண்டையில் அடைத்துக்கொண்டால் பெரிய தொல்லை.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

> ‘கூளம்’ என்ற நல்ல சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

இதை எழுதிய ஐயாவின் கருத்தை நானும் யோசித்துப் பார்த்தேன். வைக்கோல் கூளம் என்று ஊரில் சொல்வது உண்மைதான். ஆனால் அது தானாக உதிர்ந்து மிஞ்சியது, களத்தில் கூட்டி அள்ளுவது. குப்பையோடு சேர்த்தே வாயில் வரும் சொல். கத்தியால் அளவு பார்த்து வெட்டியதற்கு அந்தப் பெயர் ஒட்டாது. தஞ்சைப் பக்கத்திலிருந்து எழுதிய அம்மா சொன்ன ‘சண்டு’ம் அப்படித்தான், போரடித்தபின் கிடக்கும் துணுக்கு. வடக்கே வெட்டிய தீவனத்தை ‘குட்டி’ என்கிறார்கள். அதை அப்படியே எடுக்கலாம் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். குதிரைக்குக் குட்டி என்றால் தமிழில் வேறு பொருள் வந்துவிடும், அதனால் அது ஆகாது.

> நறுக்குத்தாள்?

எனக்கு முதலில் பிடித்தது இதுதான். நெல்தாள், தாளடி என்று வயலில் புழங்கும் தாள். ஆனால் வாசகருக்கு இன்று தாள் என்றால் காகிதம். அதோடு நாம் வெட்டுவது எப்போதும் தாளாக இருப்பதில்லை, கடலைக்கொடியாக இருக்கும், குதிரைமசால் என்ற தீவனப் பயிராக இருக்கும்.

ஆகவே என் முன்மொழிவு: நறுக்குத்தீவனம். புழக்கத்தில் சுருக்கமாக, நறுக்கு.

‘நறுக்கிய தீவனம் என்றே எழுதலாமே’ என்று கேட்பீர்கள். அது விளக்கம், பெயர் ஆகாது. ‘நறுக்கிய கடலைக்கொடித் தீவனம்’ என்று ஒவ்வொரு வரியிலும் எழுத முடியாது. ‘கடலைக்கொடி நறுக்கு’ என்று எழுதிவிடலாம். ஓலை நறுக்கு என்று நம் முன்னோர் சொன்னதில் ‘நறுக்கு’ பெயர்ச்சொல்லாகத்தானே நிற்கிறது? துண்டு என்ற பொருள் அங்கேயே இருக்கிறது. நாம் அதைப் புல்லுக்கு நீட்டுகிறோம், அவ்வளவுதான்.

இடையில் ‘த்’ வருமா வராதா என்ற கேள்விக்கும் இதிலேயே விடை. சுடுசோறு, ஊறுகாய் போல வினைத்தொகையாகக் கொண்டால் வலி மிகாது, ‘நறுக்குதீவனம்’ என்றுதான் எழுத வேண்டும். நாம் சொல்வது நறுக்காகிய தீவனம். முன்னால் நிற்பது பெயர், வன்தொடர்க் குற்றியலுகரம், எனவே வலி மிகும். நறுக்குத்தீவனம் என்று ஒற்றோடு எழுதுவோம்.

ஒரு கலைச்சொல் நிற்குமா என்று பார்க்க, அதைக் குடும்பத்தோடு உட்கார வைத்துப் பார்ப்பேன். வைக்கோல் நறுக்கு, உலர்புல் நறுக்கு, கடலைக்கொடி நறுக்கு, மசால் நறுக்கு, பாகு கலந்த நறுக்கு, பாகு சேராத நறுக்கு. எல்லாம் நாக்கில் தடுக்காமல் வருகின்றன. விலை பார்த்து வாங்குகிறவருக்கு இந்தப் பிரிவுகள்தான் முக்கியம். பாகு, அதாவது மொலாசஸ், கலந்ததைக் குதிரை விரும்பித் தின்னும். ஆனால் குளம்பழற்சி வந்த குதிரைக்குச் சர்க்கரை ஆகாது. மூட்டையில் ‘நறுக்கு’ என்று மட்டும் இருந்தால் போதாது, எதன் நறுக்கு என்று இருக்க வேண்டும்.

உலர்புல், வைக்கோல் என்று நான் பிரித்து எழுதுவதையும் கவனியுங்கள். கையேட்டில் ‘ஹே’ என்று வரும் இடத்திலெல்லாம் வைக்கோல் என்று போட்டிருக்கிறீர்கள். கதிர் முற்றுவதற்கு முன் அறுத்துக் காயவைத்த புல் ஹே, அது உலர்புல். கதிர் அறுத்தபின் மிஞ்சும் தண்டு வைக்கோல். ‘குதிரைக்குத் தினமும் நிறைய வைக்கோல் கொடுங்கள்’ என்று அச்சானால், படிக்கிறவர் நெல் வைக்கோலையே முழு உணவாகப் போட்டுக் குடலில் அடைப்பு வரவைப்பார். வைக்கோல் ஒரு பங்கு சேரலாம், கால் பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

> ‘ஃபைபர் ஃபீட்’ என்பதற்கு உலர்தீவனம் போதுமே?

கால்நடை மருத்துவர் ஐயா சொல்வது மாட்டுக்குச் சரி. பசுந்தீவனம், உலர்தீவனம், தானியமும் புண்ணாக்கும் சேர்ந்த அடர்தீவனம் என்ற மூன்று பிரிவும் நன்றாக வேரூன்றியவை, அவற்றை அசைக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கிலாந்தில் குதிரைகளுக்கு ஊறவைத்துக் கொடுக்கும் சர்க்கரைப் பீட்டுச் சக்கை எதில் சேரும்? காய்ந்துதான் வருகிறது, ஆனால் புல் இல்லை. சத்துள்ளது, ஆனால் தானியம் இல்லை. அதன் பயன் முழுக்க நாரில் இருக்கிறது. குதிரையின் பின்குடலில் நுண்ணுயிர்கள் அந்த நாரை நொதிக்க வைத்துத்தான் அதற்குத் தெம்பு கொடுக்கின்றன. எனவே நார்த்தீவனம் என்று தனிப்பெயர் வேண்டும். உலர்புல், நறுக்கு, சக்கை, பயறுப் பொட்டு எல்லாம் அதன் கீழ் வரும். நார் என்றால் வாழைநார் நினைவுக்கு வருகிறது என்றார் ஒருவர். நார்ச்சத்து என்ற சொல்லை எல்லாரும் கூச்சமில்லாமல் பேசுகிறோம், இதுவும் பழகிவிடும். அப்புறம், அதை ‘பீட்ரூட் சக்கை’ என்று எழுதியிருக்கிறீர்கள். பீட்ரூட் வேறு, சர்க்கரைப் பீட் வேறு, மாற்றிவிடுங்கள்.

‘மலிவான தீவனம்’ அத்தியாயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூலத்தில் உள்ளதை அப்படியே கொண்டுவருவதோடு நம் ஊருக்கான குறிப்பும் சேர்க்கப்போவதாகச் சொன்னீர்கள், நல்ல முடிவு. மூட்டை விலையையோ கூடை விலையையோ பார்க்கக் கூடாது, ஈரம் கழித்த எடைக்கு என்ன விலை என்று பார்க்க வேண்டும். நானூறு கிலோ குதிரைக்கு நாளுக்குக் குறைந்தது 6 கிலோ ஈரமற்ற நார்த்தீவனம் வேண்டும், அதாவது அதன் எடையில் 1.5 விழுக்காடு. பச்சைப்புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். கிலோ கணக்கில் மலிவாகத் தெரியும் பச்சைப்புல், இந்தக் கணக்கில் மலிவில்லாமல் போகலாம்.

எங்கள் பக்கம் கைக்கெட்டும் விலையில் கிடைப்பது கடலைக்கொடி. நல்ல சத்து, குதிரை ஆசையாகத் தின்னும். ஆனால் வேரோடு பிடுங்குவதால் மண் ஒட்டியிருக்கும். நான் மிஷினுக்குள் விடுமுன் ஒவ்வொரு பிடியையும் கல்தூணில் நாலு அடி அடிப்பேன். செம்மண் புகையாகக் கிளம்பும். அந்த மண் குடலில் தங்கினால் வயிற்றுவலி வரும். பூசணம் பிடித்த கொடியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. கொறங்காடு என்று நாங்கள் சொல்லும் மேய்ச்சல் நிலத்தில் வளரும் கொழுக்கட்டைப்புல் மாட்டுக்கு அருமை. அதையே குதிரைக்கு முழுநேர உணவாக்கினால் அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். ஆஸ்திரேலியாவில் இதே புல்லை மேய்ந்த குதிரைகளுக்கு முக எலும்பு வீங்கிய கதை உண்டு. தவிடு மட்டும் நிறையக் கொடுத்தாலும் அதே எலும்புக் கேடு வரும், அதில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்பு குறைவு. சுண்ணாம்பு நிறைந்த குதிரைமசால் நறுக்கைக் கொஞ்சம் சேர்த்துக்கொள்வது இதற்குத்தான். பேரிலேயே குதிரை இருக்கிறது பாருங்கள். பச்சைச் சோளப்பயிரில் குதிரையை மேய விடவே கூடாது, சிறுநீர்ப்பையும் பின்னங்கால் நரம்பும் கெடும்.

பல் நன்றாக உள்ள குதிரைக்கு எல்லாவற்றையும் நறுக்கிப் போட வேண்டியதும் இல்லை. நீளப் புல்லைத் தின்னத்தான் அதிக நேரம் ஆகும், செலவும் மிச்சம். கொள்ளில் கலக்க மட்டும் நறுக்கினால் போதும். நீளத்தைக் கையேடு சென்டிமீட்டரில் சொல்கிறது. நீங்கள் விரற்கடை என்று எழுதுங்கள். ஒரு விரற்கடைக்குக் குறைந்தால் மெல்லாமல் விழுங்கிவிடும், இரண்டு விரற்கடை சரியாக இருக்கும்.

நறுக்கு கட்டாயம் வேண்டியது பல் தேய்ந்த கிழக்குதிரைக்கு. எங்கள் பெட்டைக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. போன மழைக்காலத்தில் தொட்டிக்குக் கீழே எலுமிச்சம்பழ அளவில் பச்சை உருண்டைகள் கிடந்தன. எடுத்துப் பிழிந்தால் எச்சில் சொட்டியது, புல் அரைகுறையாக நசுங்கியிருந்தது. குதிரையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் கேட்டேன். “இது மாடு மாதிரி அசை போடாதுங்க. பல்லு இல்லாததனால வாய்க்குள்ளயே குதப்பிக் குதப்பிப் பார்த்துட்டுத் துப்பீருதுங்க” என்றார். அன்றிலிருந்து அதற்குச் சன்னமாக நறுக்கி, தண்ணீர் தெளித்துக் கொடுக்கிறோம். உருண்டை விழுவது நின்றுவிட்டது.

உங்கள் பட்டியலில் ‘க்விட்’ என்ற சொல்லுக்கு எதிரே கேள்விக்குறி போட்டிருந்தீர்கள். ஆங்கிலத்தில் அது வாயில் அடக்கும் புகையிலைக்கும் பெயர். நாம் வெற்றிலையைக் குதப்புகிறோம். பெரியவர் சொன்னதையே எடுத்துக்கொண்டு, குதிரை துப்பும் அந்த உருண்டைக்கு ‘குதப்பல்’ என்று வைக்கலாம் என்று நினைக்கிறேன். மருத்துவர் ஐயா இதற்கு வேறு சொல் புழக்கத்தில் கேட்டிருந்தால் எழுதுங்கள்.