ஏற்காட்டு மூட்டத்தில் ஃபிளாஷ்: அணைப்பதா, நகர்த்துவதா?

அஸ்தம்பட்டி:
ஏற்காட்டு லேடீஸ் சீட் காட்சி முனை, அந்தி நேரம். மூட்டம் லேசா இறங்குது. பின்னால சேலத்து விளக்குகள், முன்னால ஆள். கேனான் 1500டி கேமரா ஆட்டோவில் இருந்தா ஃபிளாஷ் தானா எழும்புது, படம் பூரா வெள்ளைப் பொட்டு. அதை நிறுத்திடறதுதான் சரியா?

கொண்டைஊசி20:
நிறுத்திடுங்க. பச்சை ஆட்டோவில் இருக்கிற வரைக்கும் முடிவு கேமராவோடதுங்க. கையால அமுக்கி மூடினாலும் அடுத்த தடவை எழும்பும். டயலை பி-க்கோ (P) ஏவி-க்கோ (Av) திருப்புங்க. அங்க மின்னல் குறி பட்டனை நீங்க அமுக்கினாத்தான் எழும்பும். மின்னலுக்குக் குறுக்கே கோடு போட்ட குறியும் டயல்ல இருக்கு, ஆனா அதுல ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணர்ற திறன்) நம்ம கையில இருக்காது.

பொட்டுக்குக் காரணம் லென்ஸ் அழுக்கு இல்லை. ஒரு முழம் முன்னால மிதக்கிற நீர்த்துளியில பட்ட வெளிச்சம் நேரா லென்ஸுக்கே திரும்புது. தூரம் இரண்டு மடங்கானா வெளிச்சம் நாலில் ஒரு பங்கு. அதான் துளி வெளுக்குது, ஆள் மங்கறார்.

பழையரீல்:
காரணம் சரி, தீர்ப்பு தப்பு. அணைச்சா ஊர் விளக்கு வரும், முகம் கறுத்துப்போகும். குற்றம் ஃபிளாஷ்ல இல்லைங்க, அது லென்ஸுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறதுல. தனி ஃபிளாஷை ஆளுக்குப் பக்கவாட்டில், ஒன்றரை மீட்டர்ல, 1/128 பவர்ல (முழு சக்தியில 128-ல ஒரு பங்கு) வைங்க. கேமரா முக்காலியில: மேனுவல், ஐஎஸ்ஓ 400, லென்ஸ் திறப்பு எஃப் 4, ஷட்டர் அரை நொடி. அரை நொடி ஊர் விளக்குக்கு, ஃபிளாஷ் முகத்துக்கு. லென்ஸுக்கு முன்னால இருக்கிற துளி மேல வெளிச்சம் அவ்வளவா விழாது.

கொண்டைஊசி20:
1500டி-யை வெச்சிருக்கிறவருக்கு இதை எப்படிச் சொல்றீங்க? அதோட ஹாட் ஷூவில் (மேல தனி ஃபிளாஷ் மாட்டற இடம்) நடு முனையே கிடையாது. நடு முனையை மட்டும் நம்பற சாதாரண டிரிகரை (தள்ளி வெச்ச ஃபிளாஷை அடிக்க வைக்கிற கருவி) மாட்டினா ஃபிளாஷ் அடிக்கவே அடிக்காது. அந்த விளிம்பில் காத்து வேற, ஸ்டாண்டு நிக்காது. சின்ன எல்இடி விளக்கை ஒருத்தர் பக்கத்தில் பிடிச்சா போதும், விழற வெளிச்சம் கண்ணுக்கே தெரியும்.

பழையரீல்:
நடு முனை விஷயம் உண்மை, அதை நான் முதல்லயே சொல்லியிருக்கணும். ஹாட் ஷூவில் இருக்கிற மத்த முனைகள், அதாவது கேனான் டிடிஎல் முனைகள் வழியா அடிக்கிற டிரிகர்தான் வேணும். மாடல் பேரைச் சொல்லிக் கேட்டு வாங்குங்க. ஸ்டாண்டு நிக்காதுன்னா ஃபிளாஷையும் ஒருத்தர் கையில பிடிக்கலாமே. ஆனா எல்இடி-ன்னா அரை நொடியும் ஆள் சிலையா நிக்கணும், காத்துல முடி பறந்தாலே கலங்கிடும். ஃபிளாஷ் கண்ணிமைக்கிறதுக்குள்ள முகத்தைப் பிடிச்சு நிறுத்திடும்.

கொண்டைஊசி20:
ஆள் படத்துக்கு அதை ஒத்துக்கறேன். காபித் தோட்டத்து மூட்டத்துக்கு ஒத்துக்கமாட்டேன். அங்க ஃபிளாஷ் எந்தப் பக்கமும் வேண்டாம். கேமராவோட வெளிச்ச மீட்டர் வெள்ளையைச் சாம்பலாக்கும்; எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (படத்தோட வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற அளவு) +2/3 அல்லது +1 வைங்க. ஃபோகஸ் அலைஞ்சா சில்வர் ஓக் மரத்தண்டோட விளிம்புல பிடிச்சுட்டு மேனுவல் ஃபோகஸுக்கு மாத்துங்க.

அஸ்தம்பட்டி:
மூட்டமே இல்லாத ராத்திரின்னா, உள்ள இருக்கிற ஃபிளாஷே போதுமா?

பழையரீல்:
போதும். அது எவ்வளவு தூரம் எட்டும்னு கணக்குப் போடற கைடு நம்பர் ஐஎஸ்ஓ 100-ல ஏறக்குறைய 9. ஐஎஸ்ஓ 400, எஃப் 4-ல நாலு மீட்டருக்குக் கொஞ்சம் மேல எட்டும். ஏவி-யில வெச்சு எழுப்புங்க, ஷட்டர் பின்னணி வெளிச்சத்துக்கு ஏத்தபடி மெதுவாகும். அதனால முக்காலி கட்டாயம். ஃபிளாஷ் காம்பென்சேஷனை -1 ஆக்குங்க. ஃபிளாஷ் அடிச்சதும் ஆள் நகர்ந்துடுவாங்க, ஷட்டர் மூடற சத்தம் கேட்கிற வரைக்கும் நிக்கச் சொல்லுங்க.